முதலில் விலாசம்

எங்கள் சார் இறந்தது 2021 மே மாதம். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. 33 வருடம் வகுப்பெடுத்தவர், 98 வயது வரைக்கும் நினைவு தப்பாமல் இருந்தவர், அவரை எடுத்தபோது கூட நின்றவர்கள் 17 பேர் என்று அவருடைய மகள் (எங்களுக்கெல்லாம் அக்கா) போனில் எண்ணிச் சொன்னார். எனக்கே அப்போது காய்ச்சல், ஆக்ஸிமீட்டரில் விரலை விட்டுக்கொண்டு கோயம்புத்தூரில் ஓர் அறையில் கிடந்தேன். போக முடியவில்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் பசுமலை ரோட்டில் பஸ் நின்றிருக்கும். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

நான் வளர்ந்தது ஹார்விபட்டி. அப்பாவுக்கு மில் வேலை, எங்கள் வீட்டுக் கடிகாரம் மில் சங்குதான். அங்கிருந்து பசுமலைப் பக்கம் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடுவோம். சமணர்கள் ஏவிய மாயப்பசு விழுந்து மலையாகிவிட்டது என்று திருவிளையாடற் புராணம் சொல்லுமே, அந்த மலை. யானைமலை, நாகமலை, பசுமலை என்று மூன்று கதையையும் எங்களுக்கு முதலில் சொன்னது சார்தான், கிறிஸ்தவரான அவர் அந்தப் படலத்தைச் சொன்ன மாதிரி எங்கள் தெருவில் எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே மூச்சில், 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்தது, திருமங்கலத்தில் நடந்த அவர்களுடைய செமினரி 1845-ல் இந்த மலையடிக்கு மாறியது, இன்று கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் அமெரிக்கன் கல்லூரி 1881-ல் இங்கேதான் தொடங்கியது என்று எல்லாவற்றையும் சொல்லுவார். அவருக்கு இரண்டுமே இந்த மலையின் கதைதான்.

பிறந்தது 1923, திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா உபதேசியார், கிராமத்துச் சபையில் வேதம் சொல்லிக் கொடுப்பவர். சம்பளம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எதுவும் கிடையாது. வீட்டில் ஏழு பேர். 1942-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 19 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மதராஸ் சாப்பர்ஸ். துப்பாக்கி பிடிப்பதைவிட ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது என்று வேலை. பெங்களூரில் பயிற்சி, ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி, அப்புறம் பர்மா. மதராஸ் சாப்பர்களை மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், வடக்கத்தி ஆட்கள்கூட 'தம்பி, தம்பி' என்பார்களாம். சார் எங்கள் எல்லோரையும் 'தம்பி' என்று கூப்பிட்டது அதனால்தானா என்று கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன், கேட்கவில்லை.

எங்களுக்கு அவர் 'பட்டாளத்து சார்'. எட்டாம் வகுப்புப் பையன்கள் என்ன கேட்பார்கள்? "எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?" 1977-ல் நான்தான் எழுந்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாலம் போட்டோம்" என்றார். சாக்பீஸை எடுத்து கரும்பலகையில் ஒரு சட்டம் வரைந்தார். பெய்லி பாலத்தின் ஒரு பேனல்: 10 அடி நீளம், 5 அடி உயரம், 570 பவுண்டு எடை, அதாவது சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம். அதை ஒன்றோடொன்று ஆணி அடிக்காமல், பெரிய ஊசி மாதிரி ஒரு பின்னைச் செருகிக் கோத்துக்கொண்டே போனால் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் நீளும். எங்கள் வகுப்பு பெஞ்சை ஆறு பேரை விட்டுத் தூக்கச் சொன்னார். ஒருவன் சிரித்துக்கொண்டே கையை எடுத்தான், பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. "ராத்திரி, விளக்கு இல்ல, மழை, கீழே ஆறு" என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. 1944 டிசம்பரில் பர்மாவில் காலேவா என்ற ஊரில் சிண்ட்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்கு மிதவைப் பாலம் ஒன்று போட்டார்கள், அதில் நடந்து அக்கரை போனேன், காலுக்குக் கீழே ஆறு மூச்சு விடுகிற மாதிரி பாலம் ஏறி ஏறி இறங்கும் என்றார். போரைப் பற்றி வகுப்பில் அவர் சொன்னது அவ்வளவுதான். மலேரியாவுக்குக் கொடுத்த மாத்திரையால் உடம்பெல்லாம் மஞ்சளாகிப் போனதையும், லங்கரில் (பட்டாளச் சமையற்கூடம்) எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே வரிசையில் தட்டை நீட்டியதையும் இடையிடையே சொல்லுவார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கடிதம். தமிழ்ப் பாடத்தில் 'கடிதம் வரைக' என்று வருமே அது இல்லை, நிஜக் கடிதம். ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை, காசு இல்லாதவனுக்கு அவரே வாங்கித் தருவார். யாருக்காவது எழுதி, பள்ளிக்கூட வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எழுதுவதற்கு ஒரு விதி உண்டு. முதலில் விலாசம். எடுத்ததும் 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் அட்டையைத் திருப்பி வைப்பார். "யாருக்கு, எந்தத் தெரு, எந்த ஊர் வழி, அது முதல்ல. அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாம அன்பு எதுக்கு தம்பி?" 1972-ல்தான் பின்கோடு வந்திருந்தது. பெரியவர்கள் யாரும் அதை மதிக்காத காலம். பசுமலை 625004 என்று எங்கள் நாக்கில் ஏற்றினார், ஆறு கட்டத்துக்கும் ஆறு எண், ஒன்று விட்டாலும் திருப்பி எழுது. எனக்கு இன்றைக்கும் சொந்தக்காரர்களின் போன் நம்பர் ஒன்றுகூட மனப்பாடம் இல்லை, ஆனால் பின்கோடு கேளுங்கள்.

ஏன் இந்தக் கடிதப் பைத்தியம் என்று அப்போது தெரியாது. அவருடைய பிரிவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உபதேசியார் மகன், கையெழுத்து மணிமணியாக இருக்கும், ஆகவே எல்லோருக்கும் அவர்தான் கடிதம் எழுதினார், வந்த கடிதத்தைப் படித்தும் காட்டினார். எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. யார் செத்தது, எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தது, எதுவும் கூடாது, தணிக்கை உண்டு. மிஞ்சுவது 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா' மட்டும்தான். முதுகுளத்தூர், மேலூர், பரமக்குடி என்று ஆளை ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். சார் கடைசி வரைக்கும் அவர்களைப் பற்றி அப்படித்தான் பேசினார்: "முதுகுளத்தூர் நல்லா நீந்துவாரு." "மேலூருக்கு ராத்திரியில கண்ணு தெரியாது."

1946-ல் ஊர் திரும்பி, வாத்தியார் பயிற்சி முடித்து, 1948-ல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். இரண்டு மூன்று வருடம் கழித்து அவருக்கு ஓர் அட்டை வந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. முதுகுளத்தூர்க்காரர் மானாமதுரையில், தயாபுரம் தொழுநோய் மருத்துவமனையில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ரயிலேறினார். போனவர், அதற்கப்புறம் 31 வருடம், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை போய்க்கொண்டே இருந்தார். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே பக்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டார். நண்பர் நடுவில் இறந்தும் போனார். சார் போவது நிற்கவில்லை.

சபையில் அவரை மிஷனெரி என்பார்கள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "மிஷனெரின்னா கடல் தாண்டி வந்தவங்க. நான் திருப்பாச்சேத்தி தாண்டினேன், அவ்வளவுதான்." ஆனால் நான் அவரை மிஷனெரி என்றுதான் சொல்லுவேன். ஒருநாளும் என்னிடம் மதம் மாறச் சொன்னவர் இல்லை, எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர். ஜெபம் செய்வார், அதை ஒளித்தும் செய்ய மாட்டார், காட்டியும் செய்ய மாட்டார். தயாபுரத்தில் அவர் செய்த ஊழியம் என்று எதைச் சொல்வது? நோயாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், விரல் மடங்கிப்போனவர்களுக்குக் கடிதம் எழுதினார். கேட்டால், "புதிய ஏற்பாட்டுல 27 புத்தகம், அதுல 21 கடிதம் தம்பி. பவுல் என்ன செஞ்சார்? கடிதம்தானே எழுதினார்" என்பார்.

தொழுநோய் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அது நல்லதுதான். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றியதுதான் ஒரு காலத்து வைத்தியம், ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டிக்கொள்ளும். 1940-களின் கடைசியில் டாப்சோன் மாத்திரை வந்தது. நம்பிக்கையும் வந்தது, ஆனால் வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். 1980-களில் கூட்டு மருந்து வந்த பிறகுதான் மாதக்கணக்கில் குணமாகிற வியாதியாக அது மாறியது. உடம்பு குணமானாலும் ஊருக்குத் திரும்ப முடியாது. 'தயாபுரம்' என்று அனுப்புநர் விலாசம் போட்டு ஓர் அட்டை வந்தால் போதும், தபால்காரர் மூலம் தெருவுக்கே தெரிந்துவிடும், அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் சார் ஒரு வழி செய்தார். அனுப்புநர் இடத்தில் தன் பெயரையும் பள்ளிக்கூட விலாசத்தையும் போட்டார். பதில் பள்ளிக்கூடத்துக்கு வரும். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போவார்.

அப்படி வந்த ஓர் அட்டையைத்தான் நான் படித்துவிட்டேன். தபால்காரரிடம் வாங்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அந்த மாதம் என்னுடையது. அஞ்சலட்டை திறந்த வீடு, கண் போகத்தானே செய்யும். தம்பி ஒருவர் அண்ணனுக்கு எழுதியிருந்தார். இங்கு அனைவரும் நலம். உங்கள் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் காலமாகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறோம். இனிமேல் கடிதம் போட வேண்டாம்.

சார் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பையனை நாளைக்கு மானாமதுரைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" எதற்கு, எங்கே என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க இத்தனை வருசமா போறீங்களே ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். அதுதான் சம்மதம்.

மீட்டர் கேஜ் ரயில். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, ராஜகம்பீரம், மானாமதுரை. ஸ்டேஷனுக்கு வெளியே பானை வண்டிகள். மானாமதுரை மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கடம் செய்கிற மண். சார் வழியில் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேப்பமர நிழலில் ஒரு திண்ணை, அதில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தானை யாரோ சரியாகப் போட்டு விட்டிருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

சார் படித்தார். விலாசத்திலிருந்து படித்தார். ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை மாற்றவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. 'காலமாகிவிட்டதாக' என்ற இடம் வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மகளுக்குச் சம்பந்தம் கூடிருச்சா" என்றார். அப்புறம், "எழுதுங்க சார். நான் எந்தத் தேதியில செத்தேன்னு கேட்டு எழுதுங்க. கல்யாணத் தேதியையும் கேளுங்க." சார் பையிலிருந்து புது அட்டையை எடுத்தார். முதலில் விலாசத்தை எழுதினார். அதற்கப்புறம் அவர் சொன்ன இரண்டு கேள்வியையும் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினார். இரண்டு வாரத்தில் அந்த அட்டை, வாங்க மறுத்துவிட்டார்கள் என்ற குறிப்போடு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கல்யாணம்னு மட்டும் படிச்சிருக்கலாமே சார்" என்றேன். சிலைமான் வரைக்கும் பதில் இல்லை. அப்புறம், "கடிதம் அவருடையது தம்பி" என்றார். வீட்டில் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினாள்.

ரொம்ப நாள் அது எனக்குக் கொடுமையாகவே பட்டது. நானும் வாத்தியாராகி, பிள்ளைகளிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டிய இடத்தில் நின்ற பிறகுதான் கொஞ்சம் மாறியது. மாற்றிப் படித்திருந்தால் அந்த மனிதர் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. தான் செத்த தேதியைக் கேட்கிற உரிமைகூட அவருக்கு இல்லாமல் போயிருக்கும்.

2016-ல் சாரைப் பார்க்கப் போனேன். அவருக்கு 93 வயது. அந்த வருடம்தான் 1898-ஆம் வருடத்துத் தொழுநோயாளர் சட்டத்தை நீக்கியிருந்தார்கள், ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம். அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தார். (2019-ல், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டபோது போன் செய்தார். "எத்தனை பேருக்கு அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டியிருக்கேன் தெரியுமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.) பழைய பேச்சு போய்க்கொண்டிருந்தபோது நான் அந்த ரயில் பயணத்தை ஞாபகப்படுத்தினேன். அன்றைக்குத்தான் பரமக்குடிக்காரர் கதையைச் சொன்னார். 70 வருடமாக யாரிடமும் சொல்லாதது, அக்காவிடம்கூட.

1945 பிப்ரவரி, ஐராவதி ஆற்றைக் கடக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பரமக்குடிக்காரருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை பிறந்து இருபதாம் நாள் இறந்துவிட்டது என்று இருந்தது. சாருக்கு வயது 22. எதிரே ஆறு, அந்த ஆள் கடிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சார், "ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்" என்று படித்துவிட்டார். ஆற்றைக் கடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம். அவர் ரேஷனில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையைப் பிரிவில் எல்லோருக்கும் பங்கு வைத்தார். ராத்திரி வந்து உட்கார்ந்து, பிள்ளைக்கு இன்ன பெயர் வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னார்.

"எழுதினீங்களா சார்?"

"எழுதினேன். அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்காரே. தபாலும் போயிருச்சு."

மூன்றாம் நாள் ஆற்றைக் கடக்கும்போது பரமக்குடிக்காரர் போய்விட்டார். செத்துப்போன பிள்ளைக்குப் பெயர் சொல்லிப் புருஷன் கடிதம், அதன் பின்னாலேயே புருஷன் செத்த செய்தி. இரண்டும் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யாங்கோன் பக்கத்தில் தவுக்கியானில் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள், எரிக்கவோ புதைக்கவோ அடையாளம் கிடைக்காதவர்களின் பெயர்கள். இணையத்தில் தேடிப் பார்க்கலாம் சார் என்றேன். வேண்டாம் என்றார். "அவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் நான் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டு, ஓய்வூதியம் இல்லாத பழைய படைவீரர்களுக்கு மாநில அரசு மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. அவருக்கும் வந்தது. அதில் அட்டையும் ஸ்டாம்பும் வாங்கினார். கண் மங்கிய பிறகு அக்கா கையால் எழுத வைத்தார். எனக்குக் கடைசியாக வந்தது 2021 பொங்கலுக்கு, எழுத்து அக்காவுடையது, விலாசம் மட்டும் அவர் கை, நடுங்கி நடுங்கி, ஆறு கட்டத்திலும் எண் சரியாக இருந்தது.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். வீட்டை ஒழிக்கிறார்கள், ஒரு தகரப் பெட்டி நிறைய அட்டைகள், என்ன செய்யலாம் என்று தெரியவில்லை என்றார். போய் உட்கார்ந்து பிரித்தேன். எல்லாம் திரும்பி வந்தவை. பின்கோடு உள்ளவை ஒரு பக்கம், 1972-க்கு முந்தியவை, வெறும் 'வழி', 'தாலுகா' போட்டவை, ஒரு பக்கம். சில எழுத்து முழுசாக அழிந்துவிட்டது. நான் பார்த்த அந்த அட்டையும் இருந்தது, இரண்டு கேள்வி, கீழே சாரின் கையெழுத்து. அதன் கீழே, அடியோடு ஒட்டிக்கொண்டு, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை அச்சடித்த ஓர் அட்டை. தபாலில் போகவே இல்லை, முத்திரை கிடையாது. பரமக்குடி வழி, ஒரு கிராமம், ஒரு பெண்ணின் பெயர், மணிமணியான எழுத்தில் முழு விலாசம்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.